சிறாரும் பொது ஆடுகளமும்

1945இல் உலகப் பெரும்போர் முடிவுற்றபோது, ஒல்லாந்து நாட்டின் அம்ஸ்ரடாம் நகரிற் சிறார் ஆடுதற்குரிய பொதுவிடங்கள் மிகச் சிலவே. இருந்தவற்றுட் பல, சங்க உறுப்பினரின் பிள்ளைகட்கே உரியன. இக்குறை நீக்க முற்பட்ட நகரசபை, 1947இல் பேர்ட்டல்மன் சதுக்கத்தில் யாவர்க்கும் பொதுவான ஆடுகளமொன்றை அமைத்தது. அதனை வரைந்தவர் அல்டோ வான் ஐக் என்னும் இளங் கட்டடக் கலைஞர்.

அக்களத்தின் உறுப்புக்கள் மிக எளியன. அகன்ற விளிம்புடைய மணற்றொட்டி, அதனுள் நான்கு வட்டக் கற்கள், குட்டிக்கரணமிடற்கு இரும்புக் கம்பிகள், சுற்றிலும் மரங்கள், பெரியோர் அமர வாங்குகள் என்பனவே அவை. விலங்குருவங்களை அவர் விரும்பினாரல்லர். யானையுருவம் என்றும் யானையாகவே நிற்கும். வெறுங் கல்லோ இன்று தோணியாகும், நாளை கோட்டையாகும். அதனை இன்னதென வகுக்கும் உரிமை குழந்தையினுடையது.

இதன் பயனைக் கண்ட அயலவர், தத்தம் தெருவுக்கும் களம் வேண்டி நகரசபைக்கு எழுதினர். வீடிடிந்த வெற்று நிலங்களும் தெருமுனைகளும் களங்களாயின. 1978 வரையில் 700க்கு மேற்பட்டவை தோன்றின. அவற்றுட் சிலவே இன்று எஞ்சியுள்ளன.

வீட்டுக்கு அண்மையிற் களமில்லாத குழந்தைக்கு, ஊர் வண்டிகளுக்கும் பெரியோர்க்குமே உரியதாய்த் தோன்றும். ஆதலின், ஆடுகளம் வகுப்போர் எக்கருவிகளை வாங்குவதென ஆராயுமுன், குழந்தையின் கற்பனைக்கு எதனை விட்டுவைப்பதென ஆராய்தல் வேண்டும்.