ஒரே ஒரு அணியை அனுப்ப இருபது போட்டி!

கொஞ்சம் கிட்ட வாங்க, லங்கா பிரீமியர் லீக்கின் திரையை ஒரு ஓரமாகத் தூக்கிக் காட்டுகிறேன். ஐந்து அணிகள். ஒவ்வொன்றும் மற்ற நான்குடனும் இரண்டு தடவை மோத வேண்டும். கூட்டிப் பாருங்கள், 20 போட்டி. அத்தனையும் முடிந்த பிறகு பிளேஓஃப் சுற்றுக்குப் போவது எத்தனை அணி? நான்கு! இராத்திரி இராத்திரியாக நாம் கண்விழித்துப் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு அணியை வீட்டுக்கு அனுப்பத்தான். 2024இல் அந்தப் புண்ணியவான் தம்புள்ள.

இதை மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்து மென்பந்துத் தொடர் நடத்தும் தம்பிமாரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் கையில் இருக்கும். அதிலும் மத்தியானத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் பந்து போன திசை தெரியாது. ஆகவே அங்கே எல்லாம் நொக்-அவுட். தோற்றால் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு நடக்க வேண்டியதுதான். "அண்ணே, இன்னொரு மெட்ச் தாங்க" என்று கெஞ்சினாலும் ஒன்றும் நடக்காது.

எல்.பி.எல்.லில் அந்தக் கெஞ்சலுக்குச் சட்டமே இருக்கிறது! புள்ளிப் பட்டியலில் முதல் இரண்டு இடத்தைப் பிடித்தவர்கள் தங்களுக்குள் மோதுவார்கள். வென்றவர் நேரே இறுதிப்போட்டிக்குப் போகலாம். தோற்றவரும் போய்விட வேண்டியதில்லை. மூன்றாம், நான்காம் இடத்தார் மோதி யார் மிஞ்சுகிறாரோ அவரோடு இன்னொரு தடவை ஆடலாம். ஐ.பி.எல். 2011இல் தொடங்கி வைத்த ஏற்பாடு இது. 2020இல் எல்.பி.எல். பிறந்தபோது சாதாரண அரையிறுதிகள்தான். அடுத்த வருடமே இந்த முறை வந்துவிட்டது.

2024இல் இது போட்ட ஆட்டத்தைப் பாருங்கள். முதல் இரண்டு இடத்தில் காலியும் யாழ்ப்பாணமும். காலி வென்றது. நம்ம தோட்டத்து விதிப்படி யாழ்ப்பாணத்தின் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் ஜப்னா கிங்ஸுக்கு இரண்டாவது வாய்ப்பு, எதிரே கண்டி. ஒரே ஒரு ஓட்டத்தால் யாழ்ப்பாணம் தப்பியது! ஜூலை 21, கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இறுதிப்போட்டி, எதிரே மறுபடியும் காலி. 185 என்ற இலக்கை யாழ்ப்பாணத்தார் ஒரே விக்கெட்டை இழந்து 15.4 ஓவரில் எட்டினார்கள். ரைலி ரூசோ ஆட்டமிழக்காமல் 106. மூன்று நாளைக்கு முன்னர் தங்களிடம் தோற்றவனே கோப்பையைத் தூக்குவதைக் காலி ரசிகர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2020, 2021 இறுதிப்போட்டிகளிலும் யாழ்ப்பாணத்திடம் தோற்ற ஊர் அது, பாவம்.

அந்த ஒரு ஓட்டம் எங்கள் பக்கத்து வீடுகளில் என்ன கலவரம் செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நுவரெலியா மாவட்டம் மத்திய மாகாணம். கணக்குப்படி எங்கள் அணி கண்டி. ஆனால் யாழ்ப்பாண அணியில் நம்ம தமிழ்ப் பையன் வியாஸ்காந்த் பந்து வீச வந்தபோது கைதட்டாத கை உண்டா? அண்ணன் கண்டி, தம்பி யாழ்ப்பாணம் என்று ஒரே பாயில் இரண்டு கட்சி. நான் எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், வீட்டில் சோறு வேண்டும்.

சரி, இனிப் பெயர்ப்பலகை அறைக்குள் நுழைவோம், அதுதான் உச்சம்! தம்புள்ள அணி 2020இல் வைக்கிங், 2021இல் ஜயன்ட்ஸ், பிறகு ஓரா. 2024இல் தண்டர்ஸ் என்று வந்தார்கள்; தொடர் தொடங்க முன்னமே உரிமையாளர் கைதாக, ஒப்பந்தம் ரத்தாகி, புதிய கையில் சிக்சர்ஸ் ஆனார்கள். கண்டி டஸ்கர்ஸ், வொரியர்ஸ், பல்கன்ஸ் ஆகி, 2023இல் பி-லவ் கண்டி என்ற பெயரில் கிண்ணத்தையும் வென்று, திரும்பவும் பல்கன்ஸ் ஆனது. டீ-ஷேர்ட் அச்சடிப்பவர்களுக்கு வருடா வருடம் தீபாவளி. நான்கு தடவை சாம்பியனான ஜப்னா கிங்ஸின் உரிமையாளர் ஒப்பந்தமே 2025இல் ரத்தானது. அந்த வருடத் தொடரும் ஒத்திவைக்கப்பட்டது.

நம்ம நாட்டில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடக்கும் ஃபுட்போல், நம்ம ரக்பிக்குச் சித்தப்பா மகன் முறை. அங்கே தொலைக்காட்சிப் பணம் துரத்தத் துரத்த அணிகள் கூட்டம் மாறுகின்றன. பசிபிக் கடலோரம் இருக்கும் ஸ்டான்போர்ட் 2024 முதல் அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் ஆடுகிறது! 'பிக் டென்' கூட்டணியில் இப்போது பதினெட்டு அணிகள். 2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 போட்டியில் ஒன்றிலும் தோற்கவில்லை. ஆனாலும் நான்கு பேர் பிளேஓஃப்பில் தெரிவுக்குழு இடம் கொடுக்கவில்லை. ஊரே கொதித்தது. அடுத்த வருடம் நான்கு பன்னிரண்டு ஆனது, முன்னமே எடுத்திருந்த முடிவுதான். அங்கே தோற்காதவனுக்கு இடமில்லை, இங்கே தோற்றவனுக்குக் கிண்ணம்! எனக்கு நம்ம முறைதான் பிடித்திருக்கிறது. பட்டியலில் மேலே வந்தவனுக்கு ஒரு சலுகை இருக்கட்டும். ஆனால் ஐந்தில் நான்கு என்பது சலுகையில்லை, தானம். மூன்று போதும்.

இன்னொன்று, இதைச் சத்தமாகவே சொல்கிறேன்: 2024 வரைக்குமான ஐந்து தொடரிலும் யாழ்ப்பாணத்தில் ஒரு எல்.பி.எல். போட்டிகூட நடக்கவில்லை, காலியிலும் இல்லை. ஊரின் பெயர் மட்டும் உடுப்பில். அப்படிப் பெயர்தான் கேள்வி என்றால் மலையகத்தின் பெயர் ஏன் இல்லை? மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா டவுணையே தண்ணீருக்குள் விட்டுவிட்டு இடம் மாறியவர்கள் நாங்கள். இடமாற்றம் எங்களுக்குப் புதிதில்லை. வெள்ளைத் துரைமார் தரவளையில் ஆடிய கழகத்தின் பெயரே டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கிளப். ஆகவே ஏற்பாட்டாளர் ஐயாமாரே, ஆறாவது அணி ஒன்று சேர்ப்பதானால் நுவரெலியா என்று பெயர் வையுங்கள். பின்னால் எந்தத் தேயிலைக் கம்பெனியின் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளுங்கள், நாங்கள் கோபிக்க மாட்டோம்.