காய்ஞ்ச சட்டைக்குள்ள எவ்வளவு தண்ணி?

கொடியில காய்ஞ்சு எடுத்த காட்டன் சட்டை முழுசா காயுறதே இல்லை. சாதாரண அறைக் காற்றில் அதன் எடையில் சுமார் 7 சதவீதம் தண்ணீர்தான். இன்ஃப்ராரெட் ஒளியை விட்டா அது தெரியும். ஆனா ஒரு சிக்கல்: செல்லுலோஸிலும் ஓ-எச் இருக்கு, தண்ணீரிலும் ஓ-எச் இருக்கு. ரெண்டும் ஹைட்ரஜன் பிணைப்பால கோத்துக்கிட்டு 3000-லிருந்து 3600 செ.மீ⁻¹ வரை ஒரே மேடா நிக்கும். எது யாரோடதுன்னு பிரிக்கிறது கஷ்டம்.

1640 பக்கம் தண்ணீர் மட்டும் மாட்டும், அங்க செல்லுலோஸுக்கு வேலையில்லை. எனக்குப் பிடிச்ச வழி கனநீர். நூலைக் கனநீர் ஆவியில் வைத்தால், தண்ணீர் எட்டுற ஓ-எச் எல்லாம் ஓ-டி ஆகி 2500 பக்கம் இறங்கிடும். படிகத்துக்குள்ள பூட்டிக்கிட்டது பழைய இடத்துலயே நிக்கும். கோடுக்குள்ள பிரிண்ட் போட்டு, எந்த வழியா ஓடுதுன்னு பாப்போமே, அதே வேலைதான்.

காகித மறுசுழற்சிக்கு இது முக்கியம். ஒருமுறை காய்ந்த நார் பழையபடி ஊறாது, அதில் செய்த காகிதமும் பலம் குறைஞ்சிடும். எத்தனை ஓ-எச் எட்டாம போச்சுன்னு கனநீர் காட்டிக் கொடுத்துடும்.

ஒண்ணு மட்டும் கவனம்: மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடோட அரைச்சு வில்லையாக்கினா, அந்த உப்பே காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். அப்புறம் நீங்க அளக்குறது உப்போட தண்ணியா, சட்டையோட தண்ணியா?