கொடுத்தலும் கொள்ளுதலும்

மாணவர்களே! ஈதல் அறம் என்பதை யாவரும் அறிவோம். ஏற்பதும் அறமாகுமோ? கிறிஸ்தவ சமயத்தின் தொடக்ககால வரலாறு, ஆம் என்கிறது.

உரோமப் பேரரசன் கிளாடியஸ் (கி.பி. 41–54) காலத்தில் பஞ்சம் நேர்ந்தபோது, அந்தியோகியாச் சபையார் தத்தமக்கு இயன்ற பொருளைத் திரட்டி, பர்னபா, சவுல் என்னும் இருவர் கையில் யூதேயாவுக்கு அனுப்பினர். அந்தச் சவுலே பின்னர்ப் பவுல் எனப் பெயர் பெற்றவர். ஆண்டுகள் சில சென்றபின், எருசலேம் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் அவர் நிதி திரட்டினார். மக்கெதோனியச் சபையார் தாமே வறியவர். எனினும் வலிய முன்வந்து ஈந்தனர்.

ஆயினும் பவுலின் உள்ளத்தில் ஓர் அச்சம் இருந்தது. கொடுத்தோருள் பெரும்பாலோர் யூதரல்லாதார், கொள்வோரோ யூதர். அயலார் பொருளை அவர்கள் மனமுவந்து ஏற்பார்களா? ஏற்கப்பட வேண்டுமென இறைவனை வேண்டுமாறு உரோமைச் சபைக்கு அவர் எழுதினார். எருசலேம் அருட்செய்தியைத் தந்தது. அதனைப் பெற்றோர் பொருளால் கடன் தீர்க்கின்றனர் என்பதே அவர் காட்டிய நியாயம்.

கூடாரத் தொழில் செய்து உண்ட பவுலும், தாம் சிறையிலிருந்தபோது பிலிப்பியர் அனுப்பிய உதவியை நன்றியோடு ஏற்றார். ஏற்க மறுக்கும் செருக்கு, உறவினரையும் அயலாராக்கிவிடும். ஆகவே, செருக்கின்றிக் கொடுங்கள், கூச்சமின்றிக் கொள்ளுங்கள்.