பேக்கன் நெய்யை வடிகட்டுவது ஏன்?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், உப்பிட்டுப் புகையூட்டிய பன்றியிறைச்சியாகிய பேக்கனை இரும்பு வாணலியில் வறுத்தபின், உருகி நிற்கும் கொழுப்பைக் கொட்டிவிடாமல், மெல்லிய துணியில் வடித்து, அடுப்பருகே ஒரு தகரக் குவளையில் சேமித்து வைப்பது இல்லத்தரசிகளின் நெடுநாள் வழக்கம். இரண்டாம் உலக யுத்தகாலத்தில், 1942 முதல், வெடிமருந்துக்கு வேண்டிய கிளிசரினுக்காக அக்கொழுப்பை அரசாங்கமே கேட்டு வாங்கியதும் உண்டு.

வடிகட்டுவானேன்? தெளிந்த கொழுப்பில் நீர் அநேகமாக இல்லை. நீரில்லாத இடத்தில் கிருமிகள் பெருகுவதில்லை. மிதக்கும் இறைச்சித் துணுக்குகளோ ஈரத்தையும் புரதத்தையும் தம்முள் வைத்திருப்பதால் கிருமிகளுக்கு ஆகாரமாகின்றன; மறுமுறை காய்ச்சும்போது முதலில் தீய்ந்து கசப்பவையும் அவையே.

வடித்த பின்னும் ஒரு சத்துரு உண்டு, அது பிராணவாயு. இக்கொழுப்பிலுள்ள அமிலங்களில் பாதிக்கு மேற்பட்டவை நிறைவுறாதவை ஆதலால், பிராணவாயு அவற்றைத் தொடர்வினையாகச் சிதைக்க, சிக்கு வாடை எழுகிறது. வெளிச்சமும் உஷ்ணமும் அதைத் துரிதப்படுத்துமாகையால், அடுப்பருகைவிடக் குளிர்பெட்டியே உத்தமமான ஸ்தானம் என்பேன்.

இத்தனை பிரயாசையும் வாசனைக்காகவே. புகையின் மணப்பொருள்களிற் பல கொழுப்பில் எளிதிற் கரைந்து தங்குகின்றன. ஒரு கரண்டி பேக்கன் நெய்யைக் காய்ந்த வாணலியிற் சுழற்றி, சோளமாவுக் கரைசலைச் சொய்யென்று ஊற்றினால், அம்மணம் ரொட்டியில் ஏறுவதோடு, உலோகத்தின் வெப்பத்தைக் கொழுப்பு ஒரே சீராகக் கடத்துவதால் விளிம்பும் மொறுமொறுவென்று சிவக்கிறது.