ஸ்கேனில் தெரியும் புள்ளிக்கு ஸ்டீராய்டு ஊசியா?

நவம்பர் 14, உலக நீரிழிவு நாள். இலவசக் கண் முகாம்களின் அறிவிப்புகள் வரத் தொடங்கியதுமே வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் பல உருவில் தலைகாட்டுகிறது. மாதாமாதம் கண்ணில் ஊசி போட்டும், விழித்திரையின் மையமான மாகுலாவில் கோத்த நீர் வடியவில்லை. ஓசிடி ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள் நிறைய இருப்பதால் இது அழற்சி வகை, ஸ்டீராய்டு ஊசிக்கு மாறலாம் என்கிறார் டாக்டர். புள்ளியைப் பார்த்தே அழற்சி என்று முடிவுகட்டிவிட முடியுமா?

சர்க்கரை கண்ணை என்ன பாடு படுத்தும் என்பது வாசகர்கள் அறிந்த கதை. வில்லங்கம் இந்தப் புள்ளியில்தான் இருக்கிறது.

எது அந்தப் புள்ளி?

ஓசிடி படத்தில் விழித்திரை குறுக்குவெட்டாக, அடுக்கடுக்காகத் தெரியும். நீர் கோத்த இடங்கள் கறுப்புக் குழிகள். அவற்றைச் சுற்றி ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் வெள்ளைப் பொட்டுகளுக்கு ‘ஹைப்பர்ரிஃப்ளெக்டிவ் ஃபோசை’ என்று பெயர். ஆய்வாளர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவுகோல் இதுதான்: 30 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், நரம்பிழை அடுக்கின் அளவுக்கு ஒளிர வேண்டும், பின்னால் நிழல் விழக் கூடாது. அதைவிடப் பெரிதாக இருந்து நிழலும் விழுந்தால் அது படிந்துபோன கொழுப்புக் கசிவு.

அளவு, ஒளிர்வு, நிழல். இந்த மூன்றில் அழற்சி எங்கே வந்தது?

2009-ல் வியன்னா ஆய்வாளர்கள் இதே புள்ளிகளை, ரத்தக் குழாயிலிருந்து கசிந்த கொழுப்புப் புரதம் என்றார்கள். இத்தாலியின் பதுவா நகர ஆய்வாளர்கள் சொன்னது வேறு. அவை விழித்திரையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா என்பது அவர்கள் கட்சி. இந்தச் செல்கள் வழக்கமாக உள்ளடுக்குகளில் கிளை விரித்துக் கிடக்கும். சர்க்கரையால் சீண்டப்பட்டால் கிளைகளைச் சுருக்கி, உருண்டு திரண்டு, வெளியடுக்குகளை நோக்கி நகரும். நோய் முற்ற முற்ற ஸ்கேன் புள்ளிகளும் அதே திசையில் நகர்கின்றன. போதாததற்கு, இத்தகைய செல்கள் உதிர்க்கும் சிடி14 என்ற புரதம், புள்ளிகள் கூடிய கண்களின் முன்னறைத் திரவத்திலும் கூடியிருந்தது.

சாமர்த்தியமான வாதம். ஆனாலும் சூழ்நிலைச் சாட்சியம்தான். உயிருள்ள மனிதரின் மாகுலாவிலிருந்து துணுக்கு வெட்டி எடுத்து யாரும் சரிபார்க்க முடியாது. ஓசிடி அளப்பது திரும்பி வரும் ஒளியை மட்டுமே. இரவு நெடுஞ்சாலையில் தொலைவில் தெரியும் முகப்பு விளக்கை வைத்து, வருவது லாரியா பஸ்ஸா என்று சொல்வதைப் போன்றது இது. கருத்தரங்கு மேடைகளில் ‘அழற்சியின் அடையாளம்’ என்று அடித்துச் சொல்லப்படுவதை ‘அழற்சியாக இருக்கக்கூடும்’ என்று படிப்பதே சரி.

இதில் நோயாளிக்கு என்ன?

ஊசி மாறுகிறது. வழக்கமான ஊசி விஇஜிஎஃப் என்ற புரதத்தைத் தடுக்கிறது. ஸ்டீராய்டு பல அழற்சிப் பொருள்களை ஒருசேர அடக்குகிறது. 0.7 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு பொதிந்து கண்ணுக்குள் செலுத்தும் குச்சியை ‘மீட்’ என்ற ஆய்வில் மூன்றாண்டுகள் சோதித்தார்கள். பார்வைப் பலகையில் 15 எழுத்துகளோ அதற்கு மேலோ கூடுதலாகப் படித்தவர்கள் 22.2 சதவீதம், பொய் ஊசி பெற்றவர்களில் 12 சதவீதம். அதே ஆய்வில், இயற்கை லென்ஸ் இருந்த கண்களில் 67.9 சதவீதத்துக்குக் கண்புரைத் தொல்லை. பொய் ஊசிக் கண்களில் அது 20.4 சதவீதம்தான்.

இதைவிட நெருடலானது 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு. வழக்கமான ஊசிக்கு மசியாத 129 கண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு விஇஜிஎஃப் தடுப்பு மருந்தான ரானிபிசுமாப் மட்டும், மறுபாதிக்கு அதனுடன் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். 24 வாரத்தில் ஸ்டீராய்டு சேர்ந்த கண்களில் மாகுலா வீக்கம் 110 மைக்ரான் வடிந்தது, மற்றவற்றில் 62. பார்வை? முன்னதில் 2.7 எழுத்து, பின்னதில் 3 எழுத்து முன்னேற்றம். படம் தெளிந்தது, பார்வை கூடுதலாகத் தெளியவில்லை.

அந்த ஆய்வு புள்ளிகளைப் பார்த்து ஆள் சேர்க்கவில்லை என்பார்கள் ஸ்டீராய்டு ஆதரவாளர்கள். நியாயம்தான். ஆனால் புள்ளிகளுக்கு ஆதரவாக அவர்கள் காட்டும் ஆய்வுகளில் பலவும் பழைய ஸ்கேன்களைத் தூசி தட்டி எண்ணியவை.

அழற்சி என்றால் கிருமித் தொற்றா?
இல்லை; ஆன்டிபயாடிக் சொட்டு மருந்துக்கு இங்கே வேலை கிடையாது.

முகாமில் எடுக்கும் கண் போட்டோவில் இந்தப் புள்ளி தெரியுமா?
தெரியாது, ஓசிடி வேண்டும்.

மாகுலாவுக்கு அடியில் நீர் தேங்கியிருந்தால்?
அதையும் அழற்சிக் கணக்கில் சேர்க்கிறார்கள். அத்தகைய கண்களில் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதம் கூடுதல் என்பதே காரணம்.

மாத்திரை உண்டா?
ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் பற்றி 2024-ல் ஸ்காட்லாந்து ஆய்வு வந்தது: தொடக்க நிலை பாதிப்பு முற்றியவர்கள் 22.7 சதவீதம், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 29.2 சதவீதம்.

அரசின் கணக்கில் கண் வருகிறதா?
2025-க்குள் 7.5 கோடிப் பேரின் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தரமான சிகிச்சை என்று 2023-ல் மத்திய அரசு இலக்கு வைத்தது. அவர்களில் எத்தனை பேரின் விழித்திரையைப் பார்த்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

ஸ்டீராய்டு ஊசிக்குச் சம்மதிக்கும் முன் டாக்டரிடம் என்ன கேட்பது?
ஸ்டீராய்டு கண் அழுத்தத்தைக் கூட்டக்கூடும். அதனால் இப்போது கண் அழுத்தம் எவ்வளவு, கிளாகோமா இருக்கிறதா, ஊசிக்குப் பின் அழுத்தத்தை எப்போது மறுபடி பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். கண்புரை ஆபரேஷன் ஏற்கெனவே முடிந்திருந்தால் ஒரு கவலை குறைவு.