குணமடைந்த கோழியை உறைபனிக் காலத்தில் மீண்டும் கூட்டத்தில் சேர்ப்பது எப்படி?

காஷ்மீர் பள்ளத்தாக்கில் டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் 40 நாள் கடுங்குளிர் காலம் ‘சில்லாய் கலான்’ எனப்படுகிறது. ஸ்ரீநகரில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும் இந்நாட்களில், நோயுற்ற கோழியை ‘புகாரி’ அடுப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்து தேற்றிவிடலாம். தேறிய கோழியைத் திரும்ப வெளியே விடுவதுதான் கடினம். அவசரப்பட்டால் அந்தக் கோழி இறக்கக்கூடும். அதனுடன் மொத்தக் கூட்டமும் நோயில் விழக்கூடும். பத்துக் கோழிகளை மட்டுமே வளர்க்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பல்ல.

முதலில் அறிய வேண்டியது, கோழியைத் தாக்கிய நோய் எது என்பதே. காயம், முட்டை அடைப்பு போன்றவை பிற கோழிகளுக்குப் பரவுவதில்லை. மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நாள்பட்ட சுவாச நோயும், முகம் வீங்கி மூக்கொழுகும் கொரைசாவும் அப்படியல்ல. மூச்சிரைப்பு நின்று, கோழி நன்றாக மேயத் தொடங்கிய பிறகும் கிருமி அதன் உடலில் தங்கியிருக்கும். குளிரின் அழுத்தத்தில் அது மீண்டும் வெளிப்படும். இத்தகைய கோழியைக் கூட்டத்தில் சேர்ப்பதற்கு முன் கால்நடை மருத்துவரின் கருத்தைப் பெறுவது அவசியம். உத்தராகண்டின் ராணிகேத் நகரின் பெயராலேயே இந்தியாவில் அறியப்படும் வெள்ளைக்கழிச்சல் நோயிலும், பிழைத்த கோழி சில காலம் வைரஸை வெளியேற்றக்கூடும். பறவைக் காய்ச்சல் என்ற ஐயம் எழுந்தால் சிகிச்சைக்கே இடமில்லை. கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு உடனே தகவல் தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது வெப்பநிலை. கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். அதைக் காப்பது இறகுகளும், உண்ணும் தீவனமும்தான். பல நாட்கள் சூடான அறையில் இருந்த கோழியை ஒரே இரவில் உறைபனிக்கு அனுப்பக் கூடாது. அடுப்பு இல்லாத அறையில் சுமார் ஒரு வாரம், பின்னர் வெயில் அடிக்கும் நண்பகலில் சில மணி நேரம் வெளியே, அதன் பிறகே இரவுத் தங்கல் எனப் படிப்படியாகப் பழக்க வேண்டும். இறகு உதிர்ந்த கோழியும், தடவிப் பார்த்தால் நெஞ்செலும்பு கூர்மையாகத் தட்டுப்படும் மெலிந்த கோழியும் காத்திருக்க வேண்டும்.

குளிருக்கு அஞ்சிக் கூண்டின் எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிடுவது பரவலான தவறு. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் மூச்சுக்காற்றின் ஈரமும் உள்ளேயே தேங்கும். கொண்டையில் உறைபனிப் புண் ஏற்பட ஈரம் பெரிய காரணம். அம்மோனியா, நோயில் நொந்த சுவாசப்பாதையை மேலும் கெடுக்கும். கூரைக்கு அடியில் காற்றுப்போக்கியும், தரையில் உலர்ந்த கனமான கூளமும் இருந்தால் போதும். கூண்டுக்குள் மின்விளக்கு வைத்துச் சூடேற்றுவதை நம்பியிருக்க முடியாது. நள்ளிரவில் மின்சாரம் தடைபட்டால் திடீர்க் குளிரும், கூளத்தில் விளக்கு விழுந்தால் தீயும் நேரும்.

கோழிக் கூட்டத்தில் யார் முதலில் தீவனத்தைக் கொத்துவது என்பதற்கே ஒரு வரிசை உண்டு. சில வாரங்கள் பிரிந்திருந்த கோழியை மற்றவை அந்நியமாகவே கருதித் தாக்கும். பனியால் அனைத்தும் உள்ளே அடைந்திருக்கும்போது தப்பி ஓட இடமும் இருக்காது. எனவே கம்பி வலைத் தடுப்புக்கு அப்பால், ஒன்றையொன்று பார்க்கும்படி சில நாட்கள் வைத்திருந்து, பிறகு அந்தி சாய்ந்ததும் கம்பில் ஏற்றிவிடுவது நல்லது. தனியாக விடாமல், கூட்டத்தின் சாதுவான கோழி ஒன்றை முன்கூட்டியே துணைக்கு வைத்திருந்து இரண்டையும் சேர்த்து விட்டால் தாக்குதல் குறையும். தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். இரத்தம் கசிந்தால் உடனே பிரித்துவிட வேண்டும். இரத்தத்தைக் கண்ட கோழிகள் கொத்துவதை நிறுத்துவதில்லை.

மாலையில் கொஞ்சம் மக்காச்சோளம் கொடுத்தால் இரவெல்லாம் செரிமானத்தில் உடல் சூடு கிடைக்கும். தண்ணீர் உறைந்துவிடுவதால் பகலில் இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான நீரை மாற்ற வேண்டும். பகல் சுமார் 10 மணி நேரமாகச் சுருங்கும் இப்பருவத்தில், சேர்ந்த கோழி முட்டையிடாதது நோயின் அறிகுறி அல்ல. அது முட்டையிட்டால், நோய்க்குக் கொடுத்த மருந்தின் உறையில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் முடியும் வரை அந்த முட்டைகளை உண்ணவோ விற்கவோ கூடாது.