குளிர் நான்குக்கும் பொது

டொராண்டோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்கார்பரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்த குளிர்காலத்தில், ஒரு ஜனவரி மாதத்து விடியற்காலையில், இரவெல்லாம் வாசலில் பனி மூடிக் கிடந்த காரை மாப்பிள்ளை கிளப்பியபோது, ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள பலகையில், குதிரை லாடத்தின் நடுவே ஓர் ஆச்சரியக்குறியை நிறுத்தி வைத்தாற்போன்ற மஞ்சள் விளக்கொன்று எரிந்தது. டயரில் காற்று குறைந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். வெளியே உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே 12 டிகிரி. "குளிர் வந்தால் இப்படித்தான் மாமா, கொஞ்ச தூரம் ஓடினால் அணைந்துவிடும்" என்று சொல்லி அவர் புறப்பட ஆயத்தமானார். அந்த வார்த்தையில் பாதி உண்மை இருந்தது. பழுதான டயரோடு ஒரு மனிதரை நெடுஞ்சாலைக்கு அனுப்பிவைக்க அந்தப் பாதி உண்மையே போதுமானது.

அடுத்த வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி, பல வருஷங்களாகக் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்திவருகிறவர். தம் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்த அவர், செய்தி கேட்டதும் கையிலிருந்ததைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, மேலங்கிப் பையிலிருந்து பேனா அளவே உள்ள, காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்றை எடுத்து, சக்கரம் சக்கரமாகக் குனிந்து, வால்வு மூடியைத் திருகிக் கழற்றி, கேஜை ஒரு நொடி அழுத்தி, அதன் அடியிலிருந்து வெளியே வந்த வெள்ளைக் குச்சியில் உள்ள கோட்டை எங்களுக்கும் காட்டிக்கொண்டே போனார். பின்சக்கரங்கள் இரண்டிலும் 28, 29. முன்புறம் வலதில் 28. இடதில் மட்டும் 21. அவர் நிமிர்ந்து நின்று, "ஐயா, குளிர் எண்டால் நாலுக்கும் குளிர்தானே? ஒண்டு மட்டும் தனியக் குறைஞ்சிருந்தால் அது குளிர் இல்லை" என்றார். குளிர்காலத்து டயரைப் பற்றி நாம் அறிய வேண்டியவற்றின் சாரம் முழுவதும் அந்த வார்த்தைகளில் அடங்கியிருந்தது. மேலே நான் எழுதப்போவது அதற்கு வியாக்கியானமே.

அடைத்து வைத்த காற்றின் அழுத்தம் உஷ்ணம் ஏற ஏற உயரும், இறங்க இறங்கத் தாழும் என்பதை 1700-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பரிசோதனைகளால் விளக்கிக் காட்டியவர், இளமையிலேயே செவிப்புலனை இழந்த கியோம் அமோந்தோன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. அவர் காலத்தில் காருமில்லை, காற்றடைத்த டயருமில்லை. ஆயினும் இன்று உலகத்துச் சாலைகளில் உருளும் ஒவ்வொரு டயரும் அவர் கண்ட விதிக்குக் கட்டுப்பட்டே நடக்கிறது. அனுபவத்தில் இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: உஷ்ணநிலை ஏறத்தாழ ஐந்தரை டிகிரி இறங்கினால், சதுர அங்குலத்திற்கு ஒரு ராத்தல், அதாவது பட்டறைக்காரர்கள் சொல்லும் ஒரு பி.எஸ்.ஐ., குறையும். இலையுதிர் காலத்தில் 15 டிகிரி இருந்த ஒரு நாளில் 33 ராத்தல் நிரப்பிய டயர், காற்று சிறிதும் கசியாமலே, பூஜ்யத்திற்குக் கீழே 12 டிகிரியில் 28 அல்லது 28½ தான் காட்டும். உள்ளே இருந்த காற்றில் ஓர் அணுவும் வெளியே போகவில்லை. அதன் வேகம் மட்டுமே தணிந்திருக்கிறது. மறுபடி வெயில் வந்தால் பழைய அளவு தானே திரும்பிவிடும்.

அப்படியானால் விளக்கு ஏன் எரிகிறது என்ற கேள்வி இயல்பாக எழும். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டத்தை அனுசரித்து வகுத்த விதியின்படி, கார் உற்பத்தியாளர் குறித்த அழுத்தத்திலிருந்து நான்கில் ஒரு பங்கு குறையும்போது இந்த விளக்கு எரிந்தாக வேண்டும். சில கார்களில் அதற்கு முன்பே எரியும்படியும் அமைத்திருப்பார்கள். 33-இல் நான்கில் ஒரு பங்கு போனால் மிஞ்சுவது 25-க்குச் சற்றுக் குறைவு. மேலே கண்டபடி குளிர் மட்டுமே டயரை அவ்வளவு தூரம் இறக்கிவிடாது. ஆனால் ரப்பருக்கு ஒரு ஸ்வபாவம் உண்டு: எவ்வளவு நேர்த்தியாகச் செய்த டயரானாலும், அதன் சுவர் வழியே மாதம் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டு ராத்தல் வரை காற்று மெல்ல ஊடுருவி வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே மூன்று மாதம் கேஜையே காணாத டயர்தான், முதல் கடுங்குளிர் வந்த காலையில் விளக்கை ஏற்றுகிறது. பழியைக் குளிர் சுமக்கிறது. குற்றத்தில் பாதி நம் அசிரத்தையைச் சேர்ந்தது.

இனி, அளக்கும் முறை. ஓடி நின்ற டயர் உராய்வினாலும் நெளிவினாலும் சூடேறி, உண்மையைவிடப் பல ராத்தல் அதிகமாகக் காட்டும். ஆதலால் வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகே அளக்க வேண்டும். நிரப்ப வேண்டிய அளவு டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அன்று. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சவரம்பு. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளதே அந்தக் காருக்கு உரிய அளவு. கனடாவில் அது 230 கிலோபாஸ்கல், 33 ராத்தல் என்பது போல இரண்டு அளவிலும் எழுதியிருக்கும். சூடேற்றிய கொட்டகைக்குள் 20 டிகிரியில் நிறுத்தி வைத்து 33 நிரப்பிவிட்டு, கடுங்குளிரில் வெளியே ஓட்டிச் செல்கிறவர், தாம் உண்மையில் 27, 28-இல் ஓட்டுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. அங்கே நிரப்புவதானால் உள்ளும் புறமும் உள்ள உஷ்ண வித்தியாசத்திற்கு ஏற்பச் சில ராத்தல் கூட்டியே நிரப்ப வேண்டும்.

"ஓடினால் அணைந்துவிடும்" என்ற சமாதானத்தின் அபாயமும் இங்கேதான் இருக்கிறது. ஓட்டத்தின் சூட்டில் அழுத்தம் இரண்டு மூன்று ராத்தல் ஏறி விளக்கு அணைவது, ஜுரத்திற்கு மாத்திரை கொடுத்து வியாதி தீர்ந்ததாக எண்ணுவதைப் போன்றது. குறைந்த காற்றோடு ஓடும் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கத்தின் உஷ்ணம் உள்ளிருக்கும் இழைகளைப் பலவீனப்படுத்துகிறது. ஓரங்கள் சீக்கிரம் தேய்கின்றன, பெட்ரோல் செலவு ஏறுகிறது, பனிச் சாலையில் திருப்பத்துக்குக் கார் தாமதமாகவே இணங்குகிறது.

நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் இறங்கியிருந்தால் காற்று நிரப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஒன்று மட்டும் மூன்று நான்கு ராத்தல் பின்தங்கியிருந்தாலோ, நிரப்பிய சில நாளிலேயே மறுபடி தாழ்ந்தாலோ, அங்கே கசிவு உண்டு என்று கொள்ள வேண்டும். ஆணி குத்தியிருக்கலாம், வால்வின் ரப்பர் தண்டு வயதாகி வெடித்திருக்கலாம், உள்ளே இருக்கும் வால்வு ஊசியில் ஈரம் உறைந்து அது சரியாக மூடாமல் இருக்கலாம். வால்வின் சிறு மூடியை அலட்சியமாகத் தொலைத்துவிடக் கூடாது என்பது இதனால்தான். பனி உருகுவதற்காகச் சாலையில் தூவும் உப்பு, சக்கரத்தின் ரிம்மை அரித்துவிடுவது குளிர்நாடுகளுக்கே உரிய மற்றொரு காரணம். கோடையில் மிருதுவாக ரிம்மோடு ஒட்டிக்கொண்டிருந்த டயரின் விளிம்பு குளிரில் விறைக்கும்போது, அரித்த இடத்தின் வழியே காற்று நழுவத் தொடங்குகிறது.

அன்று மாலை பட்டறையில் நான் பிரத்தியட்சமாகக் கண்டதும் அதுவே. வெளியே தடவினால் சோப்புத் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால், அடுத்த வீட்டுக்காரர் காரைக் கதகதப்பான கூடத்திற்குள் ஏற்றி, இடது முன்சக்கரத்தைக் கழற்றிப் படுக்கவைத்து, முதலில் டயரின் பட்டை முழுவதும், பிறகு வால்வைச் சுற்றி, கடைசியாக ரிம்மும் டயரும் சந்திக்கும் வட்டத்தில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினார். ஆணி இல்லை, வால்வும் குற்றமற்றது. ரிம் ஓரத்தில், ஒரு விரற்கடை நீளத்திற்கு, கடுகளவான குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொங்கி, திரண்டு, வெண்ணுரைச் சரமாகி நின்றன. டயரைப் பிரித்ததும், அலுமினிய ரிம்மில் அந்த இடத்தில் சுண்ணாம்பு பூத்தாற்போல் வெள்ளைப்பொடி படிந்திருந்ததைக் காட்டினார். கம்பித் தூரிகையால் அதைச் சுரண்டித் துடைத்து, அடைக்கும் பசை தடவி, டயரை மீண்டும் மாட்டியபின், அதே வட்டத்தில் சோப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

விளக்கே பழுதாவதும் உண்டு. சக்கரத்துக்குள் இருக்கும் உணர்கருவியின் பாட்டரி, ஐந்து முதல் பத்து வருஷங்களில் தீரும் தறுவாயில், குளிரில் முதலில் தளர்கிறது. காரைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் விட்டுவிட்டு மின்னிப் பிறகு நிலையாக எரிந்தால், அது காற்றைப் பற்றிய செய்தி அன்று, கருவியைப் பற்றிய செய்தி. அப்போதும் கேஜால் அளந்து பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும்.

நம்மூர் வாசகர்கள் உதகையை நினைக்கக்கூடும். 35 டிகிரிச் சமவெளியில் 33 நிரப்பிக்கொண்டு, 2,240 மீட்டர் உயரத்தில் 10 டிகிரிக் குளிருக்குப் போய் அளந்தால், கேஜ் அநேகமாக அதே அளவைக் காட்டும். குளிர் குறைத்ததை உயரம் ஈடு செய்துவிடுகிறது: மலைமேல் வெளிக்காற்றின் அழுத்தம் மூன்றரை ராத்தல் குறைவு, கேஜ் காட்டுவதோ உள்ளழுத்தம் வெளியழுத்தத்தை விஞ்சும் அளவை மட்டுமே. ஆகவே மலையேறிய மறுநாள் ஒரு டயர் தாழ்ந்திருந்தால், அங்கே குளிரைச் சாக்குச் சொல்ல இடமேயில்லை.

மாப்பிள்ளை இப்போது காரின் பெட்டிக்குள் ஒரு சிறு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், காரைக் கிளப்புமுன், தேதியும் அன்றைய உஷ்ணநிலையும் எழுதி, அதன் கீழே நான்கு எண்களைக் குறிக்கிறார். சென்ற வாரம் தொலைபேசியில், பூஜ்யத்திற்குக் கீழே 9 டிகிரியில் எடுத்த கணக்கை எனக்கு வாசித்துக் காட்டினார்: 29, 29, 28, 29. "நாலும் ஒன்றுபோல இருக்கின்றன மாமா, குறைந்ததை நிரப்பிவிட்டேன்" என்று அவர் சொன்னபோது, அத்தனை தூரத்திற்கு அப்பால் என் மகளும் பேரக்குழந்தைகளும் அந்தக் காரில் பள்ளிக்குப் புறப்படும் காலை வேளை என் கண்முன் வந்து நின்றது, மனம் அமைதியடைந்தது.